படகேறும் முன் பாட்டிலை நிரப்பலாமா? கடல் பயணத்தில் குடிதண்ணீர்க் கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேச்சில் வந்த திரும்பல்களை வெட்டி, வாசிக்கத் தோதாகத் திருத்தியிருக்கிறோம்.)

00:00 – ஒரு சின்னக் கேள்வி

போன எபிசோடுக்குக் கீழே ஒரு நேயர் கேட்டிருந்த கேள்வி இது: "கப்பல்ல, படகுல போகும்போது நம்ம குடிதண்ணீரை நாமே எடுத்துட்டுப் போனா காசு மிச்சமாகுமா? ராமேஸ்வரம் பக்கம் டிரிப் பிளான் பண்றோம்."

பார்க்க ரொம்பச் சாதாரணமான கேள்வி. ஆமா, இல்லை என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் நான் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்ததும், ஒரே தண்ணீருக்கு லிட்டர் 5 பைசாவிலிருந்து 20 ரூபாய் வரைக்கும் விலை வந்து நின்றது. அதுவும் ஒரே கடற்கரையில். ஏன் இவ்வளவு வித்தியாசம்?

இன்றைய எபிசோடின் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் தண்ணீருக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு தண்ணீருக்கு அல்ல, அதைச் சுமப்பதற்குத்தான். ஒரு லிட்டர் ஒரு கிலோ. இதில் தள்ளுபடியே கிடையாது. "நானே எடுத்துட்டுப் போறேன்" என்றால், அந்தச் சுமையை நான் தூக்குகிறேன், அதனால் அந்தக் காசு எனக்கு மிச்சம் என்று அர்த்தம். ஆனால் நாம் தூக்கவில்லை என்றால் வேறு யார் தூக்குகிறார்கள்? ராமநாதபுரம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். கடைசியில் அதற்கு வருவோம்.

இன்னொரு விஷயம். தண்ணீரைச் சுமந்து செல்லும் பயணத்துக்கு ராமேஸ்வரம் புதுசு இல்லை. காசியிலிருந்து கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து ராமேஸ்வரத்தில் அபிஷேகம் செய்வது காலங்காலமாக இருக்கிற வழக்கம். ரயிலே இல்லாத காலத்திலும் மக்கள் அதைச் செய்திருக்கிறார்கள். அந்தச் செம்புக்குள் இருந்தது சில நூறு மில்லிதான் என்றாலும், அவ்வளவு தூரம் நடந்தவருக்கு அதன் எடை நன்றாகத் தெரிந்திருக்கும்.

03:10 – பெரிய கப்பல்: தண்ணீரை அதுவே செய்துகொள்ளும்

சொகுசுக் கப்பலில் இருந்து ஆரம்பிப்போம். ராமேஸ்வரத்துக்கு அப்படிப்பட்ட கப்பல் வராது. பாக் நீரிணையில் ஆழம் குறைவு, ராமர் பாலம் என்கிற மணல் திட்டு வேறு குறுக்கே கிடக்கிறது. தமிழ்நாட்டில் ஏறணும் என்றால் சென்னைதான். 2022 ஜூன் 4 அன்று அங்கே முதல்வர் ஸ்டாலின் தொடங்கி வைத்த 'கோர்டேலியா' கப்பல் பயணம் நினைவிருக்கும். அடுத்த ஆண்டு ஜூனில் அதே 'எம்ப்ரஸ்' கப்பல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றியது.

இந்த மாதிரிப் பெரிய கப்பல்கள் எல்லாத் தண்ணீரையும் கரையிலிருந்து ஏற்றிக்கொண்டு போக முடியாது. ஆயிரம் பேர், ஆளுக்கு 200 லிட்டர் என்று வைத்தால் ஒரு நாளைக்கே 200 டன். அதனால் உலகம் முழுக்கப் பயணக் கப்பல்கள் கடல்நீரையே நன்னீராக மாற்றிக்கொள்கின்றன. இன்ஜின் சூட்டில் கடல்நீரை ஆவியாக்கிக் குளிர வைப்பது ஒரு முறை. இன்னொன்று நம்ம வீட்டு கிச்சனில் இருக்கும் அதே ஆர்.ஓ.

ஆர்.ஓ. எப்படி வேலை செய்கிறது என்று 1 நிமிஷத்தில் பார்த்துவிடலாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. உப்புத் தண்ணீரையும் நல்ல தண்ணீரையும் ஒரு மெல்லிய சவ்வால் பிரித்து வைத்தால், நல்ல தண்ணீர் தானாக உப்புப் பக்கம் போகும். அது இயற்கை. அதைத் திருப்பி விடணும் என்றால் உப்புப் பக்கம் அழுத்தணும். கடல்நீருக்கு 27 பார் அழுத்தம் கொடுத்தால்தான் அந்த ஓட்டம் நிற்கவே செய்யும். திருப்பி விட 55 முதல் 70 பார் வரை தேவை. உங்க கார் டயரில் இருப்பது சுமார் 2 பார். அதைப் போல 30 மடங்கு அழுத்தம் கொடுக்கிற பம்ப் ஒன்று கப்பலின் அடித்தளத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

செலவு எவ்வளவு? நவீன இயந்திரத்தில் 1000 லிட்டருக்கு 3 அல்லது 4 யூனிட் மின்சாரம். கப்பல் ஜெனரேட்டரில் ஒரு யூனிட் 25 ரூபாய் என்று தாராளமாகவே வைப்போம். 1000 லிட்டருக்கு 100 ரூபாய், அதாவது லிட்டருக்கு 10 பைசா. சவ்வு மாற்றுவது, குளோரின், ஆள் சம்பளம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு ரூபாயைத் தொடுவது கஷ்டம். கரையில் இன்னும் குறைவு. சென்னைக்குப் பக்கத்தில் மீஞ்சூரில் 2010-ல் தொடங்கிய ஆலையின் தண்ணீரை, 1000 லிட்டர் 50 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக வாங்கத்தான் குடிநீர் வாரியம் ஒப்பந்தம் போட்டது. லிட்டருக்கு 5 பைசா.

அப்படியென்றால் கப்பல் பாரில் விற்கிற பாட்டில் தண்ணீரின் விலை எங்கிருந்து வருகிறது? பிளாஸ்டிக், அதை லாரியில் ஏற்றி, துறைமுகத்தில் இறக்கி, குளிர வைத்து, உங்க மேஜைக்குக் கொண்டுவரும் வேலை. அதோடு, நீங்க இறங்கி வேறு கடைக்குப் போக முடியாது என்கிற உண்மை. கடல் நடுவில் போட்டிக் கடை கிடையாதே!

"எம்.ஆர்.பி.க்கு மேல விக்கக் கூடாதே" என்று கேட்பீர்கள். கடையில் சரி. ஆனால் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஹோட்டலிலும் ரெஸ்டாரன்ட்டிலும் உட்கார வைத்துப் பரிமாறும்போது அது வெறும் விற்பனை அல்ல, சேவையும் சேர்ந்தது, அதனால் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று சொல்லிவிட்டது. மேஜையில் உட்கார்ந்து பாட்டில் ஆர்டர் பண்ணுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்க.

அப்போ நம்ம பாட்டில்களை அடுக்கி எடுத்துட்டுப் போகலாமா? எல்லாக் கப்பலும் விடாது. அமெரிக்காவின் 'கார்னிவல்' நிறுவனம் 2015 ஜூலையில் பயணிகள் பாட்டில் தண்ணீர் கொண்டுவருவதையே தடை செய்தது. தண்ணீர் பாட்டிலில் வோட்காவை ஊற்றி மூடியைத் திரும்ப ஒட்டிக் கொண்டுவருகிற ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒவ்வொரு பாட்டிலையும் முகர்ந்து பார்ப்பதற்குள் வரிசை நின்றுவிடுகிறது. அதனால் பாட்டில் கூடாது, டின்னிலோ அட்டைப் பெட்டியிலோ குறிப்பிட்ட அளவு மட்டும் என்று விதி போட்டு, கப்பலில் விற்கும் தண்ணீரின் விலையைக் குறைத்தார்கள்.

ஆக, பெரிய கப்பலுக்கு என் பதில்: ஒரு காலி பாட்டில் எடுத்துட்டுப் போங்க. குழாயிலும் உணவகத்திலும் வருகிற தண்ணீர் குடிக்கத் தகுந்ததுதான். சுவை கொஞ்சம் சப்பென்று இருக்கலாம், உப்போடு மற்ற தாதுக்களும் போய்விடுவதால். அதுக்காக 18 கிலோ தண்ணீரைச் சூட்கேஸில் இழுக்க வேண்டாம். டிக்கெட் போடும் முன் அந்த நிறுவனத்தின் விதியைப் படித்துவிடுங்க, அவ்வளவுதான்.

09:30 – சின்னப் படகு: தண்ணீர் இல்லாத தீவு

இப்போ ராமேஸ்வரத்துக்கு வருவோம். இங்கே கதை அப்படியே தலைகீழ்.

இந்தக் கடற்கரையில் 'குரூஸ்' என்று சொல்லத் தகுந்த பயணம் எது என்று யோசித்தால், எனக்கு முதலில் வருவது கச்சத்தீவு அந்தோணியார் கோயில் திருவிழாதான். ஆண்டுக்கு ஒருமுறை, பெரும்பாலும் பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, 2 நாள். 2025-ல் மார்ச் 14, 15 தேதிகளில் நடந்தது, இங்கிருந்து போனவர்களே மூவாயிரத்துக்கும் மேல். விசைப்படகிலும் நாட்டுப்படகிலும்தான் பயணம். இலங்கைப் பக்கமிருந்தும் அதே அளவுக்கோ அதற்கு மேலோ வருகிறார்கள். 1974-ல் தீவு இலங்கைக்கு என்று முடிவான ஒப்பந்தத்திலேயே, இந்திய யாத்ரீகர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் வந்துபோகலாம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் முன்கூட்டியே பெயர் பதிவு செய்யணும், துறைமுகத்தில் அடையாள அட்டை, பை எல்லாம் சோதிப்பார்கள்.

கச்சத்தீவு 285 ஏக்கர். நீளம் ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம், அகலம் அதிகபட்சம் 300 மீட்டர். மக்கள் குடியிருப்பு கிடையாது. காரணம் எளிது: குடிக்கத் தண்ணீர் கிடையாது.

திருவிழா நாளில் இலங்கைக் கடற்படை தற்காலிக இறங்குதுறை, கழிப்பறை, குடிநீர் எல்லாம் ஏற்பாடு செய்கிறது. அதுவும் வெளியிலிருந்து சுமந்து வந்த தண்ணீர்தான். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் நிற்கிற வரிசை அது. அதனால் போய்வருகிற குடும்பங்கள் தண்ணீரையும் கட்டுச்சாதத்தையும் கையோடு எடுத்துப் போகும்.

கணக்குப் போடுவோம். வெள்ளி காலை கிளம்பினால் சனி மதியத்துக்கு மேல் கரை திரும்பலாம். சுமார் 32 மணி நேரம். மார்ச் வெயில், நிழல் குறைவு, உப்புக் காற்று. ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 முதல் 4 லிட்டர் குடிக்க என்று வைத்தால் மொத்தம் 5 லிட்டர். 4 பேர் குடும்பத்துக்கு 20 லிட்டர். அதாவது சரியாக ஒரு கேன்!

ஒரு லிட்டர் பாட்டிலாக 20 வாங்கினால் 400 ரூபாய். நான் வீட்டுக்கு வாங்கும் 20 லிட்டர் கேன் 40 ரூபாய். மிச்சம் 360. ஆனால் ஒரு முக்கியமான விஷயம், அந்தக் கேனை அப்படியே தூக்கிட்டுப் போகாதீங்க. ஆடுகிற படகில் ஒரே ஆள் 20 கிலோவைத் தூக்கி இறங்குவது இடுப்புக்கும் ஆபத்து, தண்ணீருக்கும் ஆபத்து. கேன் கவிழ்ந்தால் 4 பேருடைய தண்ணீரும் ஒரே நேரத்தில் போய்விடும். 5 லிட்டர் கேன் நாலாகப் பிரித்து, ஆளுக்கு ஒன்று. எங்க வேலையில் சர்வர் டேட்டாவை ஒரே இடத்தில் வைக்காதே என்பார்களே, அதே புத்தி.

கொஞ்சம் கூடுதலாகவும் வையுங்க. நாட்டுப் படகோ விசைப்படகோ, இன்ஜின் நின்றுபோனால் 3 மணி நேரப் பயணம் 13 மணி நேரம் ஆகலாம். உலகக் கடல் பாதுகாப்பு விதிகளில் உயிர்காக்கும் படகில் ஆளுக்கு 3 லிட்டர் நன்னீர் வைத்திருக்கணும் என்று இருக்கிறது. நாமும் கடைசி ஒரு லிட்டரைத் திறக்காமல் கரை வரைக்கும் கொண்டு வரலாம். ஒரு கிலோ எடை, அவ்வளவுதான்.

"சுத்தி அவ்ளோ தண்ணி இருக்கே, கொஞ்சம் குடிச்சா என்ன?" என்று குழந்தைகள் கேட்கும். நம் உடம்பின் உப்பு, லிட்டருக்குச் சுமார் 9 கிராம் அளவு. கடல்நீரில் அதைப் போல கிட்டத்தட்ட 4 மடங்கு. சிறுநீரகத்தால் கடல்நீர் அளவுக்கு உப்பைச் செறிவாக வெளியேற்ற முடியாது. ஒரு டம்ளர் கடல்நீரின் உப்பை வெளியே தள்ள, ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் வேண்டும். அதை உடம்பு தன்னிடமிருந்தே எடுக்கும். அதாவது குடிக்கக் குடிக்கத் தாகம் ஏறும்.

இதெல்லாம் நமக்குத்தான் புதுசு. ராமேஸ்வரம் விசைப்படகுகள் வாரத்தில் 3 நாள் கடலுக்குப் போய், ஒரு இரவு தங்கி, மறுநாள் திரும்புகின்றன. டீசல், ஐஸ், அரிசி, தண்ணீர் எல்லாம் ஏறின பிறகுதான் கயிறு அவிழும். 2017-ல் பாக் விரிகுடா படகுகளை ஆழ்கடல் மீன்பிடிக்கு மாற்றும் திட்டம் வந்தது. வலையையும் இன்ஜினையும் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். தண்ணீரை யோசித்துப் பாருங்க. 10 பேர், 20 நாள், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 5 லிட்டர் என்றாலே 1000 லிட்டர். ஒரு டன். அந்த ஒரு டன், ஐஸோ மீனோ இருக்க வேண்டிய இடம். கடலில் எவ்வளவு நாள் தங்கலாம் என்பதை டீசல் மட்டும் முடிவு பண்ணுவதில்லை.

16:20 – உப்புக் கடலுக்குள் நல்ல தண்ணீர்

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் வரும். கச்சத்தீவில் தண்ணீர் இல்லை, சரி. ராமேஸ்வரமும் தீவுதானே? அங்கே கோயிலுக்குள்ளேயே 22 தீர்த்தம் இருக்கே?

அதற்குப் பின்னால் அழகான இயற்பியல் இருக்கிறது. மணல் தீவில் மழை பெய்தால் தண்ணீர் கீழே இறங்கும். கீழே ஏற்கனவே கடல்நீர் இருக்கும். கடல்நீரின் அடர்த்தி நன்னீரைவிடச் சுமார் 2.5 சதவீதம் அதிகம். அதனால் மழைநீர் அதன் மேல் மிதக்கும், மோர் மேல் வெண்ணெய் நிற்பது போல. நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து, ஒரு லென்ஸ் வடிவத்தில். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம். நீரியல் படிக்கிறவர்கள் இதை கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்பார்கள்.

இதற்கு மணலும் வேண்டும், அகலமும் வேண்டும், மழையும் வேண்டும். தீவு குறுகக் குறுக லென்ஸும் மெலியும்.

தனுஷ்கோடியில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1964 டிசம்பர் புயலில் ரயிலடி, தபால் நிலையம், ஊர் எல்லாம் அழிந்த இடம். இரண்டு பக்கமும் கடல். நடுவில் மணலைக் கையால் ஒரு குழி தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் வரும், குடிக்கலாம். அங்கே இருக்கிற மீனவக் குடும்பங்கள் கிண்ணத்தாலோ சிரட்டையாலோ கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள்.

ஏன் கொஞ்சம் கொஞ்சமாக? பொறியியல் படித்த எனக்கு இதில்தான் ஆச்சரியம். மோட்டார் வைத்து வேகமாக இழுத்தால், மேலே மிதக்கும் நன்னீர் தீர்ந்து, கீழே இருக்கும் உப்புத் தண்ணீர் கூம்பு மாதிரி மேலே ஏறிவிடும். அப்புறம் அந்தக் கிணறு உப்பாகிவிடும், சரியாகப் பல மழைக்காலம் ஆகலாம். சிரட்டை என்பது பழைய காலக் கருவி மட்டும் இல்லை. அந்த ஊற்று எவ்வளவு வேகத்தைத் தாங்குமோ அந்த வேகம் அது.

தங்கச்சிமடத்தில் வில்லூண்டி தீர்த்தம் இருக்கிறது. கரையிலிருந்து பாலம் மாதிரி ஒரு நடைபாதை, அதன் முடிவில் கடலுக்குள்ளேயே ஒரு கிணறு. அதில் நல்ல தண்ணீர். சீதைக்குத் தாகம் எடுத்தபோது ராமர் வில்லை ஊன்றியதும் வந்த தண்ணீர் என்பது தலபுராணம். கதையை நம்புகிறீர்களோ இல்லையோ, இதைக் கவனியுங்க: இந்த ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற கதையிலேயே, கடல் ஓரத்தில் நின்று ஒருத்தர் தண்ணீர் கேட்கிறார்.

21:45 – அந்தப் பாட்டிலை எங்கே நிரப்புகிறோம்?

இப்போ கடைசிக்கு வைத்த கேள்வி. நாம் தூக்கவில்லை என்றால் யார் தூக்குகிறார்கள்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடும். நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. வற்றாத ஆறு இல்லை. அதனால் 616 கோடி ரூபாயில் ஒரு கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2009-ல் தொடங்கி வைத்தார்கள். தண்ணீர் எங்கிருந்து? திருச்சிக்குப் பக்கத்தில் காவிரிப் படுகையிலிருந்து. கடலிலிருந்து 100 அடி தூரத்தில் வீடு. குடிக்கிற தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் வருகிறது. இடையில் எங்கே குழாய் உடைந்தாலும், கரண்ட் போனாலும், கடைசி ஊருக்குத்தான் முதலில் நிற்கும். இந்தக் குழாயின் கடைசி முனை கடற்கரைதான்.

கடல்நீரை மாற்றும் முயற்சியும் இங்கே பழையது. கடலாடிப் பக்கம் நரிப்பையூரில் 1990-களிலேயே ஒரு நாளைக்கு 38 லட்சம் லிட்டர் திறனில் ஆர்.ஓ. ஆலை வந்துவிட்டது, மீஞ்சூருக்குப் பத்து வருடங்களுக்கும் முன்னால். ஆனால் ஆலையில் லிட்டர் 5 பைசாவுக்குத் தண்ணீர் செய்தாலும், அது ஒரு வீட்டு வாசலுக்கு வந்து சேரணும். சேராத இடத்தில் தள்ளுவண்டி வருகிறது.

இந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். குடங்களை அடுக்க வட்டவட்டமாகக் கம்பி வைத்த தள்ளுவண்டி. பெரும்பாலும் பெண்கள் தள்ளுவார்கள், கூடவே பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை ஒன்று. குழாயில் வராத நாளில் குடம் 10 ரூபாய், தட்டுப்பாடு கூடினால் அதற்கும் மேல். 15 லிட்டர் குடம் என்றால் லிட்டருக்கு 67 பைசா. மீஞ்சூர் ஆலை விலையைப் போல 13 மடங்கு. அந்த 62 பைசா வித்தியாசம் முழுக்கச் சுமைதான். காசு கொடுத்து வாங்காதவர்கள் அதை நேரத்தால் கொடுக்கிறார்கள்: ஒரு நடை, இன்னொரு நடை, காலையில் 2 மணி நேரம்.

இப்போ நம்ம டிரிப்பை அந்தத் தெருவில் நிறுத்திப் பாருங்க. 8 பேர், ஒரு வேன், காரங்காடு அலையாத்திக் காட்டில் படகுச் சவாரி. "காசு மிச்சம் பண்ணலாம், கடையில வாங்க வேணாம்" என்று ஊர்க் குழாயில் 20 லிட்டர் பிடித்தால், மிச்சமான 400 ரூபாய் எங்கே போகவில்லை என்று யோசிக்கணும். யாரோ ஒரு அக்காவின் ஒன்றேகால் குடம் அது. நமக்கு மிச்சம், அவங்களுக்கு இன்னொரு நடை. யாரும் நம்மைத் தடுக்கவும் மாட்டார்கள். தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்லாத ஊர் அது. அதனால்தான் நாமே கேட்காமல் இருக்கணும் என்கிறேன்.

தாகத்துக்கு ஒரு செம்பு வாங்கிக் குடிப்பதைச் சொல்லவில்லை. அது வேறு. பாட்டிலையும் கேனையும் நிரப்பிக்கொள்வது வேறு.

27:00 – சரி, என்ன பண்ணலாம்?

சுருக்கமாக, எழுதி வைத்துக்கொள்கிற மாதிரி:

ஒன்று, பெரிய கப்பலா? காலி பாட்டில் போதும். அங்கே தண்ணீரைச் செய்வதற்கு லிட்டருக்குச் சில பைசா. பாட்டிலுக்குத்தான் ரூபாய்.

இரண்டு, கச்சத்தீவு மாதிரித் தண்ணீரே இல்லாத இடத்துக்குப் படகா? ஆளுக்கு 5 லிட்டர், அதற்கு மேல் தொடாத ஒரு லிட்டர். சின்னக் கேன்களாகப் பிரித்து, மூடியை இறுக்கி, நிழலில். இங்கே காசு மிச்சமாவது கூடுதல் லாபம்தான், முதல் காரணம் பாதுகாப்பு.

மூன்று, தனுஷ்கோடி, காரங்காடு, பாம்பன் என்று ஒரு நாள் சுற்றலா? வீட்டிலேயே அல்லது மதுரையிலேயே நிரப்பிட்டு வாங்க. வேனில் வருகிற 20 லிட்டர் கேன் உங்களுக்குச் சுமையே இல்லை, சக்கரம்தான் தூக்குகிறது. இந்தக் கடற்கரையில் 20 கிலோவைக் கொண்டுவந்து சேர்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போ தெரியும்தானே. ரயிலில் வந்தால் 'ரயில் நீர்' ஒரு லிட்டர் 14 ரூபாய், 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. குறைந்தபோது ஒரு ரூபாய் இறக்கினார்கள். அவசரத்துக்கு அது பரவாயில்லை.

நான்கு, பாட்டில் எதுவானாலும் காலியானது உங்களோடு ஊர் திரும்பணும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தண்ணீர் பாக்கெட் தடை. ஆனால் பாட்டில் அந்தத் தடையில் இல்லை, அதனால் அது நம்ம பொறுப்பில் இருக்கு. மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கடற்பசுவும் ஆமையும் மேய்கிற இடம். காலி பாட்டிலுக்கு எடையே கிடையாது. போகும்போது நிறைந்த பாட்டிலைத் தூக்கினவர்களுக்கு, திரும்பும்போது அதைத் தூக்குவதில் என்ன கஷ்டம்?

கேள்வி கேட்ட நேயருக்கு என் ஒரு வரிப் பதில்: ஆமாங்க, காசு மிச்சமாகும், ஆனால் தண்ணீரை நீங்களே ஊரிலிருந்து கொண்டு வந்தால் மட்டும். இந்தப் பக்கம் போய்வந்தவர்கள், அல்லது இதே ஊர்க்காரர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்க தெருவில் ஒரு குடம் இப்போ என்ன விலை, குழாயில் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறது என்று எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்ப்போம்.